பீலி வறண்ட சாயங்காலம்

டீயில் சீனி போடட்டுமா, முஷ்ரிபா டீச்சர்? எனக்குச் சீனி வருத்தம். வெறும் டீ குடித்தே பழகிவிட்டேன். ஊரெல்லாம் என்னைச் சீனி ஐயா என்று கூப்பிடுகிறது, உடம்போ ஒரு கரண்டிச் சீனியைத் தாங்கமாட்டேன் என்கிறது. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரித்துவிட்டீர்கள். நல்லது. சிரித்த முகத்தோடு இருப்பவர்களிடம் எனக்குப் பேச்சு சுலபமாக வரும்.

பாடசாலை மலருக்காக ஊவாப் பக்கத்துச் சொலவடைகளைத் தொகுக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் பொருள், அது பிறந்த கதை, அரைப்பக்கம். அதில் ஒன்றை பண்டாரவளையில் ஸரூக் நானாவின் மரக்கறிக் கடையில் கேட்டதாகச் சொன்னீர்கள். ஒரு பெண் இனிக்க இனிக்கப் பேசி லீக்ஸ் விலையைக் குறைத்தபோது நானா அதைச் சொல்லிச் சிரித்தாராம். அன்பாகப் பேசினால் ஆகாத காரியமில்லை என்று பொருளும் சொன்னாராம். மொனராகலை பஸ்ஸில் கண்டக்டரும் அதே பொருள்தான் சொன்னாராம். அது எங்கள் நெட்டிமலைத் தோட்டத்தில் பிறந்தது என்று யாரோ கை காட்ட, கொஸ்லந்தைக்கு பஸ் ஏறி என்னைத் தேடி வந்துவிட்டீர்கள்.

சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள். அந்தச் சொலவடையை மட்டும் என் வாயால் சொல்லச் சொல்லாதீர்கள், உங்களிடம்தான் இருக்கிறதே. நானா சொன்ன பொருள் தவறு. பிறந்த கதையை நான் சொல்கிறேன். அரைப்பக்கத்தில் அடங்காது.

நான் தோட்டத்தின் நலன்புரி உத்தியோகத்தர். பெயர்ப்பலகையில் புஷ்பநாதன் என்றிருக்கும். வேலை என்னவென்றால், ஆட்கள் மாட்டேன் என்பதைச் சரி என்று மாற்றுவது. ஊசி போட மறுத்த பிள்ளைகளின் தாய்மார், மாமியாரோடு கோபித்துக்கொண்டு போன மருமகள்கள், வேலைநிறுத்தம் செய்த தொழிலாளிகள், ஒரு தரம் தேயிலை லொறிக்கு முன்னால் படுத்துக்கொண்ட ஒரு குடிகாரர். யாரையும் நான் அதட்டியதில்லை. தோட்டத்தை நடத்துகிற துரை கத்துவார், கணக்கப்பிள்ளை கத்துவார், நான் கத்தமாட்டேன்.

என் வித்தையை உங்களுக்குச் சொல்லித்தருகிறேன், வகுப்பில் உதவும். வெறுங்கையோடு போகக்கூடாது. அவர்கள் பாயில் உட்கார்ந்திருந்தால் நாம் தரையில் உட்கார வேண்டும். வந்த விஷயத்தை நாமாக எடுக்கக்கூடாது. வீட்டில் யாருக்குச் சுகமில்லை என்று விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் விஷயத்தை அவர்களே எடுப்பார்கள், அவர்களே முடிவும் சொல்வார்கள், நாம் தலையை ஆட்டினால் போதும். தன் முடிவு என்று நினைத்துக்கொண்டு ஒருவர் எழுந்து போகும்போது பின்னாலிருந்து பார்க்க வேண்டும், டீச்சர். அந்தச் சுகத்துக்கு முன்னால் சம்பளமெல்லாம் ஒன்றுமில்லை.

பெருமையடித்துக்கொள்கிறேன் இல்லையா? இந்த வியாதி சீனி வருத்தத்துக்கு முன்பே எனக்கு வந்தது.

என் வித்தை பலிக்காத ஆள் தோட்டத்தில் ஒருத்திதான். பெரியாயி. கீழ் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா அவளுடையது. கொழுந்து பறிப்பதில் கெட்டிக்காரி, வாயைத் திறந்தால் காது கூசும். என்னைக் கண்டால் அவளுக்கு உற்சாகம் பிறந்துவிடும்.

“வந்துட்டாருடி சீனி. இவரு பேச்சக் கேட்டா பாம்பு கூட பல்லக் கழட்டிக் கையில குடுத்துட்டுப் போயிரும். பாத்துக்குங்கடி, தாலிக்கொடி கழுத்துல இருக்கான்னு.”

பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு அது கொஞ்சம் குத்தும்.

அந்த மழையைப் பண்டாரவளையிலும் பார்த்திருப்பீர்கள். விடாமல் பெய்து, ஒரு காலையில் கீழ் லயங்களுக்கு மேலே மலையில் வெடிப்பு கண்டது. கை நுழைகிற அளவு வெடிப்பு. அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, எல்லோரையும் உடனே வெளியேறச் சொன்னார்கள். இரண்டு லயத்து ஜனமும் சட்டி பானையோடு மேட்டுப் பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தது.

பாடசாலையில் பெரும் பாடுதான். ஈரச் சீமெந்துத் தரை, நனைந்த பாய், இருமுகிற பிள்ளைகள், ஒரு கக்கூஸுக்கு முன்னால் ஊர் நீளத்துக்கு வரிசை. சில நாளில் மழை விட்டது. வெயிலும் அடித்தது. துரை என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது, காலைப் பெரட்டில் வேலைக்கு வந்து நிற்க ஆளில்லை.

“லயத்துக்குத் திரும்பினா வேலைக்கும் வருவாங்க. ஆனா வெடிப்பப் பாத்துப் பயந்து போயிருக்காங்க. இது உங்களாலயும் முடியாது, புஷ்பநாதன். விடுங்க,” என்றார்.

இதைப் பிறகு நடந்த விசாரணையில் நான் சொல்லவில்லை. துரை கட்டளை போட்டிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பேன். முடியாது என்றுதான் சொன்னார். விடுங்க என்றும் சொன்னார். நான்தான் விடவில்லை.

பணிஸ் ரொட்டிப் பெட்டியும் ஒரு வாளி பிளேன்டீயும் எடுத்துக்கொண்டு பாடசாலைக்குப் போய், வித்தைப்படி தரையில் உட்கார்ந்தேன். யாருக்குக் காய்ச்சல், யாருக்குச் சளி என்று விசாரித்தேன். பிள்ளைகளுக்கு என் கையாலேயே பணிஸ் பிய்த்துக் கொடுத்தேன். வெயில் அடிக்குதே என்று அவர்களே ஆரம்பித்தார்கள். அடுப்பு நனைந்து போயிருக்குமே என்றார் ஒருவர். கோழிகள் என்ன ஆச்சோ என்றாள் ஒருத்தி. நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

மூலையிலிருந்து பெரியாயி எழுந்தாள்.

“போங்கடி, போங்க. பணிஸத் தின்னுபுட்டு மலைக்குக் கீழ போயி மல்லாந்து படுங்க. வெடிப்பு என்ன சீனியத் தூவுனா ஒட்டிக்குமா? யோவ் சீனி, ஒம் பொண்டாட்டி புள்ளயக் கூட்டியாந்து படுக்க வையேன் அங்க, பாப்போம்.”

“அக்கா சொல்றதும் நியாயந்தான்,” என்றேன் நான். எதிராளி சொல்வதை உடனே ஒப்புக்கொள்வதும் வித்தையில் சேர்த்திதான்.

உண்மையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது ஜெயந்தினியின் முகத்தை. பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பெண். லயத்துப் பிள்ளைகள் அத்தனையும் அவள் மடியில் வளர்ந்தவை. அவள் எங்கே போனாலும் தாய்மார் பின்னால் போவார்கள். புருஷன் ரமேஸ் கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் வேலைக்கு நின்றான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

“நான் வரலீங்க ஐயா. பயமா இருக்கு,” என்றாள்.

பெரியாயி அப்போது வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. “அப்பிடிச் சொல்லுடி. லயத்துக்குப் போயி ஒம் புருசனுக்கா ஆக்கிப் போடப் போற? அவந்தான் கொழும்புல எவளோடயோ சொகமா இருக்கானே.”

காவலுக்கு நின்றவளே அவளை என் பக்கம் அடித்துத் துரத்தினாள். ஜெயந்தினியின் கண் கலங்கியது. நான் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னேன்:

“பயமா இருக்கும்தான்ம்மா. யாருக்குத்தான் இருக்காது. ஒன்னு செய்யலாம். இன்னிக்கு நானும் லயத்துலயே படுத்துக்கிறேன். காலி காம்பரா ஒன்னு இருக்கில்ல? எனக்குத் தலகாணிய மட்டும் எடுத்தாந்தாப் போதும்.”

அவள் என்னையே பார்த்தாள். “நெசமாவாங்க ஐயா?”

“நெசமாத்தான்.”

போய்த் தலையணையை எடுத்துக்கொண்டு வந்தேன். பூப்போட்ட உறை. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் முன்னால் நடக்க, ஜனம் பின்னால் சட்டி பானையோடு வந்தது. கல்யாண ஊர்வலம் போல இருக்கிறதென்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பெரியாயி மட்டும் பாடசாலை வாசலிலேயே நின்றுகொண்டாள். எங்கள் பரம்பரையையே திட்டினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இதுவரைக்கும் உள்ளது விசாரணையில் இருக்கிறது. நல்ல மனசோடு செய்தது, இயற்கை ஏமாற்றிவிட்டது என்று முடித்தார்கள். இனி வருவது உங்களுக்கு மட்டும்.

சாயங்காலம் லயத்து அடுப்புகளில் புகை கிளம்பியது. பிள்ளைகள் வாசலில் ஓடினார்கள். என்னைக் கண்ட இடமெல்லாம் ஐயா, ஐயா என்றார்கள். முகம் கழுவலாமென்று லயத்துக்குப் பின்னால் இருக்கிற பீலிக்குப் போனேன். மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக விழுகிற இடம். எந்தக் கோடையிலும் அது நின்றதில்லை.

தண்ணீர் செம்மண் கரைத்தது போல வந்தது. கையில் ஏந்திப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெலிந்து, நூலாகி, நின்றுபோனது.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், டீச்சர். பதுளையில் மண்சரிவு பற்றி ஒரு பயிற்சி வைத்தார்கள், மதியச் சாப்பாட்டோடு. ஊற்று திடீரென்று கலங்கினால், நின்றால், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஓடுங்கள் என்று படம் போட்டுக் காட்டினார்கள். நான் முதல் வரிசையில் இருந்தேன். நன்றியுரை சொன்னதே நான்தான். எல்லோரும் கைதட்டினார்கள்.

பீலிக்கு முன்னால் நின்று யோசித்தேன். வாசலுக்கு ஓடி நான் ஒரு சத்தம் போட்டால் போதும். ஆனால் வாழ்க்கையில் நான் சத்தம் போட்டதில்லை. மத்தியானம் வாங்க வாங்க என்று கூட்டிவந்தவன், பொழுது சாய்வதற்குள் ஓடுங்க ஓடுங்க என்றால் என்னவாகும்? சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு அதே வழியில் ஏறுவார்கள். வாசலில் பெரியாயி இடுப்பில் கை வைத்து நிற்பாள். அவள் என்ன சொல்வாள் என்றுகூட எனக்குக் கேட்டது. சாகும்வரைக்கும் சொல்வாள். அதற்குப் பிறகு எந்த வீட்டில் போய் நான் தரையில் உட்கார்வது?

நல்ல வேளையாக, அதிகமாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஜெயந்தினி வாளியோடு வந்தாள்.

குழாயைப் பார்த்தாள். கீழே தேங்கியிருந்த செந்தண்ணீரைப் பார்த்தாள். “ஐயா, என்னாங்க இது? தண்ணி இப்பிடி இருக்கு?”

“மேல டேங்க் கழுவுறாங்கம்மா. நாந்தான் கழுவச் சொன்னேன். புள்ளைங்க குடிக்கிற தண்ணியாச்சே. கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிரும்.”

அவ்வளவுதான். அழகான பதில், இல்லையா? உடனே வந்துவிட்டது. இத்தனை வருஷத்துப் பழக்கம்.

“எனக்குத் திக்குன்னு போச்சுங்க. நீங்க இங்க இருக்கிறதே பெரிய தைரியம்,” என்று சொல்லிவிட்டு வாளியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

நான் அவள் பின்னாலேயே போய், “பாப்பாவுக்குப் பால்மா இருக்காம்மா?” என்று கேட்டேன்.

“நாளைக்கி வரைக்கும் இருக்குங்க.”

“எதுக்கும் நான் கொஸ்லந்தைக்குப் போயி ஒன்னு வாங்கியாந்துர்றேன். தலகாணி இங்கயே இருக்கட்டும்.”

“இருட்டுறதுக்குள்ள வந்துருங்க ஐயா. உங்களுக்கும் ரொட்டி சுட்டு வைக்கிறேன்.”

இதில் நான் ஓடிப்போனேன் என்று நினைக்காதீர்கள். ஓடவில்லை. நடந்துதான் போனேன்.

முனியாண்டி கோயில் முடக்கில், பாதை வளைகிற இடத்தில், எதிரே பெரியாயி வந்தாள். சேலையை வரிந்து கட்டியிருந்தாள், மூச்சு வாங்கியது. கீழே ஓடைக்குப் போயிருக்கிறாள். ஓடை செம்மண்ணாக ஓடி நின்றதைப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு யாரும் படம் போட்டுக் காட்டவில்லை. பயம் ஒன்றுதான் இருந்தது.

“வழிய விடுய்யா. அந்த முண்டைங்கள முடியப் புடிச்சாவது இழுத்தாரணும். மண்ணு வருதுய்யா. எங் கொல நடுங்குது.”

எல்லோரையும் இசைய வைத்தேன், இவளை மட்டும் முடியவில்லை என்று சொன்னேனே. அன்றைக்குத்தான் காரணம் பிடிபட்டது. அவள் சொன்னதைச் சரி என்று மனதார யாரும் அவளிடம் சொன்னதே கிடையாது. நான் ஒப்புக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன். அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

“நீங்க சொன்னதுதான் சரி, அக்கா. மத்தியானமே ஒங்க பேச்சக் கேட்டிருக்கணும். நானும் பீலியப் பாத்துட்டேன். இப்பத்தான் எல்லாத்தயும் கெளப்பிட்டு வர்றேன், மூட்ட கட்டிக்கிட்டிருக்காங்க. ரோட்டுக்குப் போயி வண்டி புடிச்சாறேன், நடக்க முடியாதவங்க இருக்காங்கல்ல. நீங்க போயி ஸ்கூல்ல அடுப்பப் பத்த வைங்க. நனஞ்ச புள்ளைங்களுக்குச் சுடுதண்ணி வேணும். அத ஒங்கள விட்டா யாரு செய்வா?”

வசை தேடுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை. முகம் இளகிக்கொண்டிருந்தது.

“கெளப்பிட்டியா? நெசமாவா? நல்லா இருப்ப சாமி,” என்றாள். என்னைச் சாமி என்றாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பாடசாலைப் பக்கம் ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள்.

நான் முடக்கில் நின்று, அவள் போவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். சுகமாகத்தான் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது.

அவளை ஏன் விடவில்லை என்று கேட்கிறீர்கள். அவள் போயிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள். அவள் வாயால் பிழைத்திருப்பார்கள். பாக்கி விளக்கம் வேண்டாம், உங்களுக்கே புரிந்திருக்கும். மலை நிற்கும் என்றும் ஒரு எண்ணம் இருந்தது. பெரும்பாலான மலைகள் நிற்கின்றனதானே.

கொஸ்லந்தையில் பால்மாப் பையை வாங்கிக் கையில் பிடித்திருந்தேன். சத்தம் கேட்டது. கடைக்காரர் கோச்சி போகிறது என்றார். எங்கள் பக்கம் ரயில் பாதையே கிடையாது. பிறகு அவரும் அதை யோசித்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது லயம் இருந்த இடத்தில் சேறு இருந்தது. பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் தோண்டிக்கொண்டிருந்தார்கள். என் தலையணை அகப்பட்டிருந்தது. அதைச் சுற்றி நின்று, ஐயாவும் உள்ளே போயிட்டாரே என்று அழுதுகொண்டிருந்தார்கள். பால்மாவோடு என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுதார்கள். பாப்பாவுக்கு வாங்கப் போனதால் பிழைத்தாராம், தர்மம் காத்ததாம். இப்படி ஒரு வரவேற்பு எந்தக் கல்யாண மாப்பிள்ளைக்கும் கிடைத்திருக்காது. எத்தனை பேர் என்பது பத்திரிகையில் வந்தது. நான் எண்ணவில்லை.

பெரியாயி சுடுதண்ணீர் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றாள். பால்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்போது அவள் வாயிலிருந்து வந்தது ஒரு சாபம். என் பெயரை வைத்து, இன்னார் அன்பாகக் கூப்பிட்டால் இன்ன இடத்துக்குப் போய்ச் சேர்வாய் என்கிற மாதிரி. எதுகை மோனையோடு வந்துவிட்டது. வாய்த் திறமை அப்படி. அதுதான் உங்கள் சொலவடை.

முடக்கில் நான் பேசியதையெல்லாம் விசாரணையில் அவள் சொன்னாள். நடுநடுவே அதிகாரியின் தாயையும் இழுத்தாள். மொழிபெயர்த்தவர் வெட்கப்பட்டுப் பாதியை விழுங்கிவிட்டார். வாய் சுத்தமில்லாத பொம்பளை, அதிர்ச்சியில் உளறுகிறாள் என்று அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு வைத்தியரிடம் காட்ட ஏற்பாடு செய்ததும் நான்தான். சாபம் மட்டும் பஸ் ஏறி ஊர் ஊராகப் போனது. போகிற வழியில் கதை உதிர்ந்துவிட்டது, சந்தம் மிஞ்சியது. கேட்டவர்கள் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். பண்டாரவளைக்கு வந்து சேரும்போது நான் நல்ல மனுஷனாகிவிட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள், டீச்சர். போடுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். ஒருவரையும் நான் கையால் தொடவில்லை, ஆனால் அத்தனை பேரையும் கொன்றவன் நான். இதை இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிவதே எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. ஒன்றை மட்டும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்: அன்றைக்கும் யாரிடமும் நான் ஒரு கடுஞ்சொல் பேசவில்லை.

போன வாரம் ரமேஸ் கொழும்பிலிருந்து வந்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே நாற்காலி. ஆள் பாதியாகிவிட்டான், தூக்கமே கிடையாதாம். பெரியாயி அவனிடம் ஏதோ கத்தியிருக்கிறாள். தரையைப் பார்த்துக்கொண்டே அவன் கேட்டான்:

“ஐயா, அன்னிக்குப் பீலித் தண்ணி கலங்கியிருந்துச்சாமே. நீங்க அதப் பாத்தும் ஜெயந்தினிகிட்டச் சொல்லலியாம். நெசமாங்க?”

நான் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தேன். அவன் கையை என் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டேன்.

“இல்லப்பா. தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு. அவ சிரிச்சிக்கிட்டே ஒரு வாளி புடிச்சிட்டுப் போனா.”

அவன் என் தோளில் சாய்ந்து அழுதான். அழுதபடியே தூங்கிப்போனான். விடியும்வரை நான் அசையவில்லை. அந்தப் பெரியாயி அவனிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறாள், டீச்சர். இரக்கம் என்பதே கிடையாது அவளுக்கு.